கல்லடியில் அப்பாவுக்கு எச்டி டிவி: 55 அங்குலமா, 43 அங்குலமா? பழைய டிஷ் பெட்டியை மாற்ற வேண்டுமா?

உப்புக்காற்று (கல்லடி)

வணக்கம். மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறது அக்காவின் வீடு. அப்பா மகளுக்கென்று கட்டிக் கொடுத்த வீடு. இப்போது அவரும் அம்மாவும் அக்கா குடும்பத்தோடு அதில்தான் இருக்கிறார்கள். ஹோலில் 21 அங்குல டியூப் டிவி ஒன்று பதினாறு வருடமாக ஓடுகிறது. அதன் வலது மூலையில் பச்சை பிடித்துவிட்டது. செய்தி வாசிப்பவர் யாராக இருந்தாலும் ஒரு காது பச்சை. அப்பா பரவாயில்லை என்கிறார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

எனக்கு வேலை கொழும்பில். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது புதியது ஒன்று வாங்கிக் கொடுக்க இருக்கிறேன். கடைக்காரர் 55 அங்குல 4கே டிவியைக் காட்டி, 43 அங்குலத்துக்கும் இதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார். டிஷ் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பெட்டி எச்டி வருவதற்கு முந்திய பழைய பெட்டி. அதை மாற்ற வேண்டுமா? அல்லது டிஷ்ஷை விட்டுவிட்டுத் தொலைபேசி இணைப்பில் வரும் பியோ டிவிக்குப் போகலாமா? கதிரைக்கும் சுவருக்கும் இடையில் பத்து அடி.

பழுதுபார்ப்பவன் (களுவாஞ்சிக்குடி)

தம்பி, அளவைப் பிறகு பார்ப்போம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள்? எங்கெங்கே இருந்து பார்க்கிறார்கள்? ஜன்னல் எந்தப் பக்கம்?

இருபத்தெட்டு வருடமாக டிவிகளைத் திறந்து மூடுகிறவன் நான். வருகிறவர்கள் எல்லோரும் திரையின் விலையைக் கேட்கிறார்கள். அந்தத் திரைக்குள் என்ன வரப்போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அரிசி இருக்கிறதா என்று பார்க்காமல் பெரிய பானை வாங்குகிற கதை.

கல்முனைத் தென்றல்

யோசிக்காமல் 55 எடுங்கள். சிறியதை வாங்கியவன் டிவி இருக்கும்வரை கவலைப்படுவான். பெரியதை வாங்கியவன் தவணை முடியும்வரை மட்டும் கவலைப்படுவான்.

உப்புக்காற்று (கல்லடி)

அண்ணன், அப்பா காலையிலும் இரவிலும் செய்தி பார்ப்பார். வசந்தம், நேத்ரா, சக்தி என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து, மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று சரிபார்ப்பார். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இந்தியத் தொடர்கள். பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். கிரிக்கெட் என்றால் எல்லோரும். அப்பாவின் சாய்மனைக் கதிரை ஜன்னலோரம், டிவிக்கு நேரே இல்லை, நன்றாகச் சரிவான பக்கம். அதை நகர்த்தச் சொல்லும் தைரியம் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. ஜன்னல் கிழக்கே, காலை வெயில் நேராக உள்ளே விழும்.

பழுதுபார்ப்பவன் (களுவாஞ்சிக்குடி)

இப்போது பேசலாம். கணக்குக் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டி அனுப்பும் படம் அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 வரி. மொத்தம் நான்கு இலட்சத்துச் சொச்சம் புள்ளி. முழு எச்டி என்பது 1920க்கு 1080, அதாவது இருபது இலட்சத்துக்கு மேல். பழையதைப் போல் ஐந்து மடங்கு. 4கே 3840க்கு 2160. அது எச்டியின் நான்கு மடங்கு. உங்கள் பழைய பெட்டியை 4கே டிவியில் மாட்டினால், வருகிற ஒவ்வொரு புள்ளியையும் வைத்து டிவி இருபது புள்ளியை நிரப்ப வேண்டும். இல்லாததை அது ஊகித்துத்தான் நிரப்பும். ஊகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியது போலத்தான் தெரியும்.

அடுத்தது தூரம். நல்ல கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்தறியும். அதற்கு அப்பால் இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிடும். அந்தக் கணக்கில் பழைய 576 வரிப் படத்தின் சொரசொரப்புத் தெரியாமல் இருக்க, திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். எச்டிக்கு மூன்று மடங்கு போதும், 4கேக்கு ஒன்றரை மடங்கு. 43 அங்குல டிவியின் உயரம் ஏறத்தாழ 54 சென்ரிமீற்றர்; 55 அங்குலத்துக்கு 68. உங்கள் பத்து அடி என்பது மூன்று மீற்றர். 43ஐ மூன்று மீற்றரில் வைத்தால் பழைய அலைவரிசைகளும் கண்ணை உறுத்தாத எல்லைக்குக் கிட்ட வந்துவிடும். 55இல் அதே படத்துக்கு நான்கு மீற்றருக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். அப்பாவின் கதிரை முற்றத்துக்குப் போய்விடும். 55இல் 4கேயின் முழுப் பலனையும் காண வேண்டும் என்றால் எவ்வளவு கிட்டப் போக வேண்டும் தெரியுமா? மூன்றரை அடி. அந்தத் தூரத்தில் பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள், அவர்களையும் நாங்கள் பின்னால் போகச் சொல்லி அதட்டுவோம்.

ஆகவே திரைக்குப் போடும் மேலதிகப் பணத்தைப் பெட்டியில் போடுங்கள். எச்டி பெட்டி எடுங்கள். ஆனால் எடுக்கும்முன், உங்கள் பொதியில் எந்தெந்த அலைவரிசை எச்டியில் வருகிறது என்று எழுதி வாங்குங்கள். எச்டி பெட்டி வாங்கினால் எல்லாமே எச்டியாகிவிடும் என்பது பொய். பழைய தரத்தில் அனுப்பப்படும் சனல், புதுப் பெட்டியிலும் பழைய தரம்தான்.

கல்முனைத் தென்றல்

கணக்கு எல்லாம் சரி. ஆனால் யாரும் இன்றைக்கு டிஷ்ஷை மட்டும் நம்பி டிவி வாங்குவதில்லையே? யூடியூப்பில் 4கே இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்தால் அதைத்தான் பார்ப்பார்கள். இன்னும் ஒன்று: 43 அங்குலத்திலேயே இப்போது 4கே டிவிகள்தான் கடைகளில் அதிகம். எச்டி மட்டும் உள்ளதைத் தேடிப் பிடிப்பதற்குள் ஊருக்கு வந்த லீவு முடிந்துவிடும்.

பழுதுபார்ப்பவன் (களுவாஞ்சிக்குடி)

கடைசியில் சொன்னது நியாயம். 43இல் 4கே கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள். "எச்டி ரெடி" என்று இருந்தால் பெரும்பாலும் 1366க்கு 768; அது முழு எச்டி அல்ல. 32 அங்குலத்தில் அது போதும், 43இல் வேண்டாம்.

யூடியூப் விஷயத்தில் ஒரு கணக்கு. எச்டி படம் விநாடிக்கு 5 மெகாபிற் வேகத்தில் வந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டேகால் ஜிபி. 4கே 15 மெகாபிற்றில் வந்தால் ஆறே முக்கால் ஜிபி. மாதம் முடியும்முன் டேட்டா முடிந்த வீட்டில் 4கே டிவியும் சுவர்ப்படமும் ஒன்று.

படுவான்கரையாள் (வெல்லாவெளிப் பக்கம்)

வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் இருக்கும் எழுவான்கரைக்காரர்களுக்கு, பியோ டிவி வரும் ஃபைபர் கம்பியா டிஷ்ஷா என்று யோசிக்க வசதி இருக்கிறது. எங்கள் பக்கம் வயலுக்கு நடுவே வீடு. தொலைபேசிக் கம்பியே இல்லை. டிஷ்தான் கதி. ஆகவே டிஷ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கார்த்திகை, மார்கழி மழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். முன்பு அன்டெனாவில் மழை என்றால் படத்தில் மணல் தூவும், குரலாவது கேட்கும். டிஷ்ஷில் அப்படி இல்லை. தெளிவாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வெள்ள எச்சரிக்கை வாசிக்கும் நேரத்தில்தான் அது நிற்கும். அதனால் மழைக்காலத்தில் பற்றரி வானொலி ஒன்று அடுக்களையில் எப்போதும் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்களுக்கு, நல்ல வெயிலில், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படம் சில நிமிடம் போய்விடும். பெட்டி பழுது என்று இரண்டு முறை ஆள் கூப்பிட்டுக் காசு கொடுத்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அந்த நாட்களில் சூரியன் சரியாகச் செய்மதிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. டிஷ் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. எங்கள் மகன் பள்ளியில் படித்து வந்து சொன்னான். காசு வாங்கியவர் சொல்லவில்லை.

பழுதுபார்ப்பவன் (களுவாஞ்சிக்குடி)

தங்கச்சி சொன்னது முழுக்க உண்மை. மழைக்கான காரணமும் எளிது. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டு, இரண்டரைச் சென்ரிமீற்றர். மழைத்துளி அந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் அதுவே போதும். ஓரளவு தப்ப வழி உண்டு: டிஷ்ஷைப் பெரிதாக்குவது. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷை 90ஆக்கினால் அது பிடிக்கும் பரப்பு இரண்டேகால் மடங்கு. பெருமழைக்கு அதுவும் தாங்காது. தூறலுக்கும் நடுத்தர மழைக்கும் தாங்கும். ஆனால் பெரிய டிஷ் காற்றையும் அதிகம் பிடிக்கும். சுவரில் நான்கு நல்ல ஆணி இல்லாமல் போடாதீர்கள். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊர் இது.

தென்னையையும் பாருங்கள். டிஷ் பூட்டியபோது கன்றாக நின்றது ஐந்து வருடத்தில் ஓலையை நீட்டிக் குறுக்கே வந்துவிடும். காற்றடிக்கும்போது மட்டும் படம் வெட்டுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வளவில் எத்தனை தென்னை என்றுதான்.

காத்தான்குடி ராத்தா

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். காக்கா, அதாவது அண்ணன், கட்டாரிலிருந்து வரும்போது 50 அங்குல டிவி கொண்டுவந்தார். விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் காத்தான்குடி வந்து சேரும்வரை அதைப் பிள்ளைபோல் மடியில் வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் திரையின் நடுவே நிலா உதித்தது போல் ஒரு வெடிப்பு. நிலைக்குத்தாக வைத்துக் கொண்டுவர வேண்டியதைப் படுக்கவைத்து ஏற்றியிருக்கிறார்கள். திரையை மாற்றக் கேட்ட விலைக்குப் புது டிவியே வாங்கலாம். கட்டார் உத்தரவாதம் இங்கே செல்லாது. வாப்பா மூன்று நாள் காக்காவோடு பேசவில்லை.

இரண்டாவது டிவி ஊர்க் கடையில் வாங்கினோம். கடையிலேயே ஓடவிட்டு, திரை முழுக்க வெள்ளை, முழுக்கக் கறுப்பு என்று போடச் சொல்லிப் பார்த்தோம். செத்த புள்ளி இருந்தால் அதில் தெரியும். உத்தரவாத அட்டையில் முத்திரையும் திகதியும் போடவைத்தோம். கடைக்காரர் சலித்துக்கொண்டார். சலிக்கட்டும்.

உப்புக்காற்று (கல்லடி)

ராத்தா, அந்த நிலா உதித்த கதைக்குச் சிரிக்கவா வருந்தவா தெரியவில்லை.

பழுதுபார்ப்பவன் அண்ணன், ஓலெட், கியூலெட் என்று கடையில் ஒரேயடியாகக் குழப்புகிறார்கள். அப்பாவின் கதிரை பக்கவாட்டில் இருப்பதால் எதை எடுப்பது? இன்னொன்று, ஒரே டிஷ்ஷிலிருந்து உள் அறைக்கும் ஒரு கம்பி இழுத்து இரண்டு டிவி போடலாமா?

பழுதுபார்ப்பவன் (களுவாஞ்சிக்குடி)

எல்இடி டிவி, கியூலெட் டிவி எல்லாம் அடிப்படையில் எல்சிடி திரைகளே. பின்னாலிருந்து விளக்கு அடிக்கிறது. கியூலெட்டில் நிறத்தைக் கூட்ட ஒரு படலம் அதிகம். ஓலெட்டில் மட்டும் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு உண்மையான கறுப்பு. ஆனால் விலை அதிகம். ஒரே சின்னம் வருடக்கணக்கில் ஒரே மூலையில் நின்றால் அங்கே தழும்பும் விழலாம். செய்திச் சனலை நாள் முழுக்க ஓடவிடும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

எல்சிடியில் இரண்டு சாதி. ஐபிஎஸ் திரை பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ திரையில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் நிறம் வெளிறும். உங்கள் அப்பா பக்கவாட்டில் இருக்கிறார், அறையோ வெளிச்சமான அறை. ஐபிஎஸ். கடைக்காரருக்குப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. கடையில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முகத்தின் நிறம் மாறினால் அது வேண்டாம்.

கிழக்கு ஜன்னல் இருக்கிறதென்றால் டிவியை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள். காலைச் செய்திக்குப் பதில் கடற்கரைதான் தெரியும்.

இரண்டு டிவி விஷயம்: ஒரு கம்பியைச் சும்மா பிரித்து இரண்டு பெட்டிக்குக் கொடுத்தால் சரிவராது. டிஷ்ஷின் நுனியில் இருக்கும் எல்என்பி, பெட்டி அனுப்பும் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் எந்தப் பக்கத்து அலையை எடுப்பது என்று தீர்மானிக்கிறது. 13 வோல்ட் என்றால் ஒன்று, 18 என்றால் மற்றது. இரண்டு பெட்டி இரண்டு கட்டளை கொடுத்தால் அது யாருக்குக் கீழ்ப்படியும்? இரண்டு வாயுள்ள எல்என்பி போட்டு, இரண்டு கம்பி தனித்தனியாக இழுத்து, இரண்டாவது பெட்டிக்குத் தனி இணைப்பும் எடுக்க வேண்டும்.

கல்முனைத் தென்றல்

இரண்டாவது பெட்டி வேண்டாம். மாமியாரும் மருமகனும் ஒரே டிவியில் சண்டை பிடித்தால்தான் வீடு வீடாக இருக்கும்.

அக்கரைப்பற்றுக் கரை

கடற்கரை வீடு என்றதும் எழுத வேண்டியதாயிற்று. எனக்கும் கடலோரம்தான். டிஷ்ஷின் இரும்புத் தாங்கி மூன்று வருடத்தில் பொரிந்து உதிர்ந்தது. அதற்கு முன்பே எல்என்பியில் கம்பி பூட்டும் முனை பச்சையாகப் பூத்துப் படம் வெட்டத் தொடங்கியது. இப்போது கல்வனைசு பண்ணிய, அதாவது துத்தநாகம் பூசிய, தாங்கிதான். முனைக்கு மேல் ரப்பர் உறை, அதற்கு மேல் நீர் புகாத நாடா. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், ஏறிப் பார்ப்பேன். கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் கம்பி வழியே நேராகப் பெட்டிக்குள் வந்து குடியேறும்.

இடிக்கு: டிவியின் பிளக்கை மட்டும் கழற்றுகிறவர்கள் பலர். டிஷ் கம்பியையும் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும். எனக்கு இடி வந்தது அந்தக் கம்பி வழியாகத்தான். பெட்டி போனது, பெட்டியையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவியின் பலகையும் போனது. மின்சாரக் கம்பி மட்டும் பாதுகாப்பாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

பழுதுபார்ப்பவன் (களுவாஞ்சிக்குடி)

அருமையாகச் சொன்னீர்கள். ஒன்று சேர்க்கிறேன். டிவியின் பின்னால் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் ஏற்ற இறக்க மின்சாரத்துக்காகப் பெரிய ஸ்டெபிலைசர் தேவையில்லை. அது தானே சமாளிக்கும். சமாளிக்க முடியாதது மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது வரும் அடி. 2022இல் என் கடைக்கு வந்த டிவிகளில் பாதி அந்த அடிபட்டவை. மின்சாரம் போனால் பிளக்கைக் கழற்றுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் பூட்டுங்கள்.

செலவும் பாருங்கள். டிவி 80 வாட் என்றால், தினமும் ஆறு மணித்தியாலம், மாதம் பதினான்கு அலகுக்குச் சற்றுக் கூட. மிச்சப் பதினெட்டு மணித்தியாலமும் பெட்டி சும்மா சிவப்பு விளக்கோடு பத்து வாட் தின்றால் மாதம் ஏறத்தாழ ஐந்தரை அலகு. யாரும் பார்க்காத படத்துக்கு ஐந்தரை அலகு! மின்கட்டணம் கூடும் 60, 90 அலகு என்ற படிகளுக்குக் கிட்ட நிற்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

ஆரையூராள் (ஆரையம்பதி)

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுபது தாண்டிய மனிதர் ஒருவருக்கு வாங்குகிறோம். காது?

என் அம்மாவுக்குப் புதுத் தட்டை டிவி வாங்கினோம். படம் கண்ணாடி போல் இருந்தது. ஒரு வாரத்தில் அவர் செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டார். கேட்டால் "அவர்கள் வாய்க்குள் பேசுகிறார்கள்" என்றார். பழைய டியூப் டிவியில் ஒலிபெருக்கி முன்பக்கம் பார்த்தபடி இருந்தது. தட்டை டிவியில் அதற்கு இடமில்லை. அடியில் அல்லது முதுகில் வைத்து நிலத்தையும் சுவரையும் பார்க்கச் செய்துவிடுகிறார்கள். வயதான காதுக்கு முதலில் குறைவது கூர்மையான ஒலிகள். ச, த, ப எல்லாம் ஒன்றுபோல் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறது.

கடைசியில் டிவிக்கு முன்னால் வைக்கும் நீளமான ஒலிபெருக்கி, சிறிய சவுண்ட்பார் ஒன்று வாங்கி, எச்டிஎம்ஐ ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துவாரத்தில் பூட்டினோம். அதில் பேச்சைத் தெளிவாக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அம்மா திரும்பச் செய்திக்கு வந்துவிட்டார். 55க்கும் 43க்கும் இடையில் உள்ள காசை அங்கே போடுங்கள். ரிமோட்டையும் பாருங்கள்: எழுத்துப் பெரிதா, எண்கள் இருக்கின்றனவா என்று. சில புது ரிமோட்டில் எண்ணே இல்லை. சனல் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதருக்கு அது பெரிய அநியாயம்.

உப்புக்காற்று (கல்லடி)

அக்கா, இதை நான் நினைக்கவே இல்லை. அப்பா கொஞ்ச நாளாக டிவியைச் சத்தமாக வைக்கிறார் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை டிவியின் பழுது என்று நினைத்தேன்.

படுவான்கரையாள் (வெல்லாவெளிப் பக்கம்)

பியோ டிவியா என்று கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பழுதுபார்ப்பவன் (களுவாஞ்சிக்குடி)

உண்மை, மறந்தே போனேன். வாசலுக்கு ஃபைபர் வந்திருந்தால் அது நல்லது: மழைக்கு உடையாது, கூரையில் ஏற வேண்டியதில்லை. ஆனால் மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். முடிவு செய்யும்முன் அம்மா பார்க்கும் தொடர் வரும் அலைவரிசை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தொழில்நுட்பம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்திய டிஷ் பெட்டியை யாரோ மூலம் கொண்டுவந்து பூட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். அந்த இணைப்பு இந்தியாவுக்குள் விற்பதற்கானது. நடுவில் நின்றால் யாரிடமும் கேட்க முடியாது.

உப்புக்காற்று (கல்லடி)

ஐந்து வாரத்துக்குப் பிறகு வருகிறேன். 43 அங்குலம், ஐபிஎஸ், கடையில் பக்கவாட்டில் நின்று பார்த்தே வாங்கினேன். டிஷ்ஷையே வைத்துக்கொண்டோம், பெட்டியை மட்டும் எச்டிக்கு மாற்றினோம், சின்ன சவுண்ட்பார் ஒன்றும். அம்மா பார்க்கும் தொடர் அதில் வருகிறது, கேட்டுவிட்டேன்.

ஆனால் படம் எனக்குத் திருப்தியில்லை. எச்டி அலைவரிசையிலும் எழுத்தின் ஓரம் கரைந்தாற்போல் இருக்கிறது. முகங்கள் எல்லாம் கன்னம் வீங்கிய மாதிரி. அப்பாவுக்கு வேறு குறை: அடியில் ஓடும் செய்தி வரி பாதி வெட்டுப்படுகிறது. பூட்ட வந்த பையன் "எச்டி என்றால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

காத்தான்குடி ராத்தா

தம்பி, பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் கம்பிகளா?

உப்புக்காற்று (கல்லடி)

ஆமாம். பழைய பெட்டியின் கம்பிகளையே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். எச்டிஎம்ஐ கம்பி உறையோடு பெட்டியின் அட்டைக்குள்ளேயே கிடந்தது!

பழுதுபார்ப்பவன் (களுவாஞ்சிக்குடி)

இதைத்தான் பயந்தேன். அந்த மஞ்சள் கம்பியில் எச்டி போகவே போகாது; பெட்டி எச்டியைப் பிடித்து, அதைப் பழைய 576 வரியாகக் குறைத்துத்தான் அதில் அனுப்பும். இத்தனை நாள் எச்டிக்குக் காசு கட்டிப் பழைய படம் பார்த்திருக்கிறீர்கள். அட்டைக்குள் இருக்கும் கம்பியே போதும். தங்க முலாம் பூசியது என்று விலை கூடியதை வாங்காதீர்கள், ஒன்றரை மீற்றரில் வித்தியாசம் இல்லை.

மாட்டிய பிறகு மூன்று வேலை. பெட்டியின் அமைப்பில் வெளியீடு 1080 என்று இருக்கிறதா பாருங்கள். சில பெட்டி 576இலேயே நிற்கும். அடுத்து, பழைய சனல்கள் 4க்கு 3 வடிவம்; அவற்றை 16க்கு 9 திரைக்கு இழுத்ததால்தான் கன்னம் வீங்குகிறது. வடிவத்தை "அசல்" அல்லது "தானியங்கி" என்று வையுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். செய்தி வரி வெட்டுப்படுவது டிவி ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதால். "ஸ்கிரீன் ஃபிட்", "ஜஸ்ட் ஸ்கேன்" என்று ஏதாவது பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள். கூடவே படத்தை "விவிட்"டிலிருந்து "சினிமா"வுக்கு மாற்றுங்கள். விவிட் என்பது கடை வெளிச்சத்தில் வாங்குகிறவரை இழுப்பதற்கு.

உப்புக்காற்று (கல்லடி)

எல்லாம் சரியாகிவிட்டது, அண்ணன். செய்தி வரி முழுதாக ஓடுகிறது. கறுப்புப் பட்டையைப் பார்த்து "காசு கொடுத்து வாங்கிய இடத்தை ஏன் சும்மா விட்டிருக்கிறார்கள்" என்று அப்பா கேட்டார். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சவுண்ட்பாரின் ரிமோட்டை மட்டும் தலையணைக்குக் கீழ் வைத்திருக்கிறார்.

புதிதாக ஒரு பிரச்சினை. கிரிக்கெட் போட்டியில் அடுத்த வீட்டில் கத்திக் கைதட்டிய பிறகுதான் எங்கள் டிவியில் பந்து வீசுகிறார்கள். அவர்களிடம் இருப்பது பழைய அன்டெனா டிவி. இதற்கும் ஏதாவது அமைப்பு இருக்கிறதா?

பழுதுபார்ப்பவன் (களுவாஞ்சிக்குடி)

இல்லை, தம்பி. உங்கள் படம் நிலையத்தில் சுருக்கப்பட்டு, முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் மேலே போய்த் திரும்பி, உங்கள் பெட்டியில் விரிக்கப்படுகிறது. பயணம் கால் விநாடிதான். சுருக்குவதும் விரிப்பதும்தான் சில விநாடி எடுக்கும். அன்டெனாவுக்கு அந்த வேலை குறைவு. கைத்தொலைபேசியில் இணையம் வழியாகப் பார்க்கிறவர்கள் உங்களுக்கும் பின்னால் வருவார்கள். அதை நினைத்து ஆறுதலடையுங்கள்.

உப்புக்காற்று (கல்லடி)

அப்பா அவரே வழி கண்டுபிடித்துவிட்டார். பச்சைக் காது டிவியை நாங்கள் எறியவில்லை. பழைய அன்டெனாவோடு பின் அறையில் கிடந்தது. நேற்று இரவு அதைச் சத்தமில்லாமல் போட்டு, அறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆம், அந்தக் கதிரையை அவரே நகர்த்தினார். பேரப்பிள்ளைகள் ஹோலில் எச்டியில் பார்த்துக்கொண்டிருக்க, "இந்தப் பந்தில் விக்கெட் விழும்" என்று இவர் சொல்கிறார், விழுகிறது. சின்னவன் இன்றைக்குப் பள்ளியில் போய், எங்கள் அம்மப்பாவுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று சொல்லியிருக்கிறான்.